ஆபீஸ் போன தெரு

பத்திர ஆபீஸ் எங்கள் தெருவைக் காலி செய்த அன்று டீக்கடை அக்கா யாரிடமும் காசு வாங்கவில்லை. பீரோக்களை லாரியில் ஏற்றிய ஆட்களுக்கும் டீ, லாரிக்குப் பின்னாலேயே கிளம்பிய பத்திர எழுத்தர்களுக்கும் டீ. கடைசி வண்டி தெரு முனை திரும்பியதும் அடுப்பை அணைத்துவிட்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்புன மாதிரி இருக்குதுடி," என்றாள்.

"பொண்ணுன்னா மறுவீட்டுக்காவது வரும்க்கா. இவங்க வர மாட்டாங்க," என்றேன்.

விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. அதில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையை லேமினேஷன் செய்வது, பென்ஷனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவது, இதுதான் என் வேலை. எனக்கு நேர் எதிரே டீக்கடை அக்கா. அவள் கடைக்கு இரண்டு கடை தள்ளி பாத்திரக்கடை அண்ணன். நடுவில் மாடியோடு நிற்கிற மஞ்சள் கட்டடத்தில்தான் பத்திர ஆபீஸ் வாடகைக்கு இருந்தது.

அந்த ஆபீஸ் எங்களுக்கு எவ்வளவு ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. ஒரு நிலம் கைமாற வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் வர மாட்டார். கெடாரிலிருந்தும் கண்டமங்கலத்திலிருந்தும் அண்ணன் தம்பி, சம்பந்தி, சாட்சி, சாட்சிக்குத் துணை என்று ஒரு குடும்பமே பஸ் ஏறி வரும். கூப்பிடுகிற வரைக்கும் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்களுக்குப் பசிக்கும், வாய் நமநமக்கும், வீட்டில் குக்கர் கைப்பிடி உடைந்தது ஞாபகம் வரும். தெரு முழுக்க அந்தக் காத்திருப்பில்தான் பிழைத்தது.

ஆபீஸ் போனதற்குக் காரணம் நியாயமானதுதான். வாடகைக் கட்டடத்தில் இடம் போதவில்லை. வயதானவர்கள் மாடி ஏறக் கஷ்டப்பட்டார்கள். பைபாஸ் பக்கம் கட்டிய புதுக் கட்டடத்தில் சாய்வுப் பாதை இருந்தது, வண்டி நிறுத்த இடம் இருந்தது. நியாயமான காரணத்தால் வருகிற கஷ்டத்தில் ஒரு சங்கடம் என்னவென்றால், யாரையும் திட்ட முடியாது.

ஆறு மாதத்தில் ஐந்து கடைகள் ஷட்டரை இறக்கின. வளையல் கடைக்காரர்கள் புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். மெஸ் நடத்திய தம்பதி மகளோடு இருக்கிறோம் என்று புதுச்சேரிக்கே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். புதுப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் அவருடைய ரூட். எங்கள் தெரு முனை வந்தால் வண்டியின் வேகத்தைக் குறைத்து, யாராவது இறங்குவார்களா என்று கண்ணாடியில் பார்ப்பாராம். சாப்பிடும்போது சொன்னார்.

"இன்னிக்கு ஒரு ஆளு இறங்குச்சு."

"யாரு?"

"அட்ரஸ் தப்பா வந்துட்டாராம். திரும்ப ஏத்திக்கினு போய் விட்டேன்."

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

பாத்திரக்கடை அண்ணன் சும்மா இருக்கவில்லை. கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மனு எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். 'இன்னொரு ஆபீஸையாவது இந்தத் தெருவுக்குத் தாருங்கள்' என்று கேட்டிருந்தோம். கலெக்டர் ஆபீஸில் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் தெரு முனையில் மைக் செட் கட்டி, தள்ளுபடி, தள்ளுபடி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடவிட்டார். தள்ளுபடிக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் டீக்கடை அக்கா போய் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். "வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் இந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடிப்பூட்றாங்க. பேஜாரா இருக்குது அண்ணே," என்றாள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பம் போட ஒரு பாட்டியம்மா வந்தார். சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார். வெயில் நெருப்பாகக் கொட்டியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"குடிங்கம்மா. நாக்கெல்லாம் வறண்டு கிடக்குது."

"குடிச்சுட்டு எங்கம்மா போறது? வூடு போய்ச் சேர இன்னும் ரெண்டு பஸ்ஸு மாறணும்."

நான் பாட்டிலை மூடி வைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைக்குள் என் தெருவின் கதையும் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைப்பதற்கு நான் திண்டிவனம் போக வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் என் தங்கையின் மகளுக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம், பாயசம், மோர் என்று வற்புறுத்திப் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பஸ் கூட்டத்தோடு நிற்காமல் போனது, அடுத்ததிலும் ஏற முடியவில்லை. எனக்கு அடிவயிறு கனக்க ஆரம்பித்தது. தங்கை வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் தூரம். சுற்றிலும் பார்த்தேன். எதிரே மூன்று மாடியில் ஒரு துணிக்கடை. கண்ணாடிக் கதவு, ஏசி.

உள்ளே போனேன். துணி வாங்க வந்தவள் போல முதல் மாடியில் ஒரு புடவையை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அப்புறம் அங்கே நின்ற பெண்ணிடம் மெல்லக் கேட்டேன். "மேல மூணாவது மாடிங்க. லெப்ட்ல," என்றாள், தினமும் நூறு பேருக்குச் சொல்லிப் பழகிய குரலில். மேலே போனால் ஒரு வரிசையே நின்றது. கைக்குழந்தைக்காரி, கல்லூரிப் பெண்கள், என்னை மாதிரியே பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்த இரண்டு பேர். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். கைக்குட்டை, சீப்பு, குழந்தைக்கு ஜட்டி. நான் ஒரு உள்பாவாடை வாங்கினேன். எனக்குத் தேவையே இல்லை. சும்மா வந்துவிட்டுப் போகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக வாங்கினேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு வரும்போதுதான் அந்தப் பாட்டியம்மா ஞாபகம் வந்தார். எங்கள் தெருவில் முன்பெல்லாம் பெண்களால் எப்படி அவ்வளவு நேரம் காத்திருக்க முடிந்தது? பத்திர ஆபீஸின் பின்பக்கம் பெண்களுக்கென்று கழிப்பறை இருந்தது. நானும் அக்காவும்கூட அங்கேதான் போவோம். ஆபீஸைப் பூட்டியபோது அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு நான் மத்தியானம் கடையை மூடிவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய் வருகிறேன். என்னாலேயே நிற்க முடியாத தெருவில் வேறு எந்தப் பெண் நிற்பாள்?

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அக்கா போண்டா மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைக் கழுவினாள்.

"நான் காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காமத்தான் ஊருக்கெல்லாம் டீ ஊத்திக்கினு இருக்கேன். யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன். நீ சொல்லிட்ட," என்றாள். பிறகு, "சாவி யார்கிட்ட?" என்று கேட்டாள்.

சாவி கட்டடத்தின் சொந்தக்காரரிடம் இருந்தது. அவர் கெடார் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறார். சொந்தமாக நிலம், மோட்டார், டிராக்டர் உள்ள குடும்பம். அந்த ஊர் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பிறந்ததும் அதே ஊரில்தான், ஆனால் ஊரின் மறுபக்கத்தில், காலனியில். என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முழங்கால் தேய்கிற வரைக்கும் அவர்கள் நிலத்தில் களையெடுத்தவள்.

இப்போது அம்மா என்னோடு டவுனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் கிளம்பியபோது எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆண்டை வூட்டுக்குப் போயி கக்கூஸு கேக்கப் போறியா?"

"சாவி கேக்கப் போறேன்."

"எல்லாம் ஒண்ணுதான். நான் இத்தினி வருஷம் அந்த வூட்டு வாசல்ல நின்னு கூலி வாங்குனேன். ஒரு சொம்புத் தண்ணி கேட்டதில்ல."

"அதாம்மா நான் போய்க் கேக்கறேன்," என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் வண்டியில் ஏறும்போது, "தலையை ஒழுங்கா வாரிக்கினு போ," என்றாள்.

வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிப்போனார். கட்டடக்காரர் வீட்டு முன்னால் களத்தில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். நான் வழி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், அவரை என்னவென்று கூப்பிடுவது என்று. அம்மா கூப்பிட்டதைப்போல் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"வணக்கம் சார்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "டவுன்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கற பொண்ணுதானே? கிழக்குக் கொல்லைக்குக் களையெடுக்க வருவாளே, அவ மக?"

"ஆமாங்க சார்."

வந்த விஷயத்தைச் சொன்னேன். கட்டடம் வேண்டாம், பின்பக்கக் கழிப்பறையின் சாவி மட்டும் போதும், தண்ணீர் மோட்டாருக்கு ஆகிற கரண்டை நாங்கள் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"ஊரு ஜனமெல்லாம் வந்து போனா நாறிப்பூடும். நாளைக்கு யாரு வாடகைக்கு வருவான்? அத யாரு கழுவுறது, சொல்லு?"

"நாங்கதாங்க சார். கடைக்காரங்க முறை வெச்சுக்கினு கழுவுவோம்."

"எல்லாரும் ஒத்துக்கினாங்களா?"

யாரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சட்டென்று, "ஒத்துக்கினாங்க," என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பாக்கலாம். யோசிச்சு சொல்றேன்," என்றார் கட்டடக்காரர். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பினோம்.

"இரும்மா."

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவருடைய மனைவி. இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் இருந்து எழுந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வர அவருக்கு நேரம் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தன் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"அந்த பில்டிங் கட்டுறப்ப பின்னாடி பொம்பளைங்களுக்குத் தனியா கட்டச் சொன்னது நான்தான். டவுனுக்குப் போனா எனக்குப் போக இடமில்லன்னு சண்டை போட்டுக் கட்ட வெச்சேன்," என்றார். மூச்சு வாங்கியது. "என்னுது எனக்குத் தெரிஞ்சுது. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் உங்கம்மா எங்க போவான்னு ஒரு நாளுகூட நான் கேட்டதில்ல பாரு."

களத்தில் மல்லாட்டை மேல் கோழி ஒன்று ஏறியது. கட்டடக்காரர் அதை விரட்டினார். விரட்டிவிட்டு உள்ளே போய் சாவிக் கொத்தை எடுத்துவந்து அதிலிருந்து ஒன்றைக் கழற்றத் தெரியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அந்தம்மாவே வாங்கி, பல்லால் கடித்து வளையத்தைப் பிரித்து, என் கையில் கொடுத்தார்.

சாவி வந்துவிட்டது. முறை வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. திறந்திருந்த கடைகள் ஆறு. ஞாயிறு லீவு. ஆளுக்கு ஒரு நாள் என்று நான் ஒரு தாளில் எழுதி பிரிண்ட் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அக்கா திங்கள், நான் செவ்வாய், பாத்திரக்கடைக்கு வியாழன். பாத்திரக்கடை அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என் நாளுக்கு ஒரு ஆளு வெச்சு அனுப்பறேன்," என்றார்.

"ஆளுன்னா எந்த ஆளு அண்ணே?" என்று அக்கா கேட்டாள்.

அவர் எந்த ஆளைக் கூப்பிடுவார், எந்தத் தெருவிலிருந்து கூப்பிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னேன்: "ஆளு வெக்கறதுன்னா இந்தத் திட்டமே வேணாம் அண்ணே. நீங்க வர முடியாட்டி சொல்லுங்க, உங்க நாளையும் நானே பண்றேன். ஆளு மட்டும் வேணாம்."

முதல் இரண்டு வாரம் வியாழக்கிழமையையும் நானே செய்தேன். மூன்றாவது வியாழன் காலை நான் வாளியோடு போனபோது கதவு திறந்திருந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "போ, போ, போய்க் கடையைப் பாரு," என்று திரும்பாமலே சொன்னார். நான் வந்துவிட்டேன்.

தெரு முனையில் வைக்க ஒரு போர்டு அடித்தேன். 'பெண்களுக்குக் கழிப்பறை உண்டு. உட்கார இடம் உண்டு. எதுவும் வாங்க வேண்டியதில்லை.' கடைசி வரிக்கு எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். வாங்க வேண்டாம் என்று நாமே சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும் என்றார்கள். நான் திண்டிவனத்தில் உள்பாவாடை வாங்கிய கதையைச் சொன்னேன். அன்றைக்கு அப்படி ஒரு வரி யாராவது எழுதி வைத்திருந்தால் நான் தலை நிமிர்ந்து உள்ளே போயிருப்பேன் என்றேன். அக்கா என் பக்கம் நின்றாள். அந்த வரி நின்றது.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவில் குரல் கொடுக்க ஆரம்பித்தார். "லேடீஸ் பாத்ரூம் இருக்குதுங்க, சுத்தமா இருக்கும், இறங்கறவங்க இறங்கலாம்." மற்ற ஆட்டோக்காரர்கள் முதலில் அவரைக் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்கள் வண்டியிலும் பெண்கள் கேட்க ஆரம்பித்ததும் அவர்களே முனையில் நிறுத்தினார்கள்.

முதல் மாதம் வந்தார்கள், போனார்கள். யாரும் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. பாத்திரக்கடை அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'பார்த்தாயா' என்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் கண்டமங்கலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு என் கடை முன்னால் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டிருந்தாள். அக்கா கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுபோய் வைத்தாள். "எதுவும் வாங்க வேணாம்னு போட்டிருக்குதே," என்றாள் அந்தப் பெண். "வாங்க வேணாம்னுதான் போட்டிருக்குது. குடிக்க வேணாம்னு போடலியே," என்றாள் அக்கா. அடுத்த வாரம் அந்தப் பெண் தன் மாமியாரையும் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. மாமியார் ஒரு இட்லிப் பானை வாங்கிப் போனார்.

இப்படித்தான், ஒருத்தி ஒருத்தியாக. காலையில் கல்லூரிப் பெண்கள், பகலில் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸ்களுக்கும் வருகிறவர்கள், சாயங்காலம் வேலை முடிந்து பஸ் மாறுகிறவர்கள். பெண்கள் உட்கார ஆரம்பித்ததும் கூட வந்த ஆண்களும் நின்றார்கள். நிற்கிற ஆண்கள் சும்மா நிற்க மாட்டார்கள், போண்டா தின்பார்கள்.

கோடையில் போர் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. இரண்டு நாள் பூட்டி வைத்தோம். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் பாத்திரக்கடை அண்ணன் கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த பெரிய அண்டாக்கள் நான்கைத் தூக்கிவந்து கழிப்பறை வாசலில் வரிசையாக வைத்தார். புது அண்டாக்கள், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. "இனிமே இத எவன் சமையலுக்கு வாங்குவான்?" என்றாள் அக்கா. "விக்கறதுக்கா கொண்டாந்தேன்?" என்று எரிந்து விழுந்தார். என் வீட்டுக்காரர் காலையில் முதல் சவாரிக்கு முன்னால் ஆட்டோவில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மழை வரும் வரைக்கும் அப்படியே ஓடியது. அவருக்குத் தோள்பட்டையில் வலி கண்டது. நான் எண்ணெய் தேய்த்துவிடும்போது, "பதினோரு பேரு இறங்குனாங்க இன்னிக்கு, ஒரே டிரிப்புல," என்றார், பரீட்சையில் பாஸான பையனைப் போல.

மழைக்குப் பிறகுதான் மேல் மாடிக்கு ஆள் வந்தது. அரசு வேலைத் தேர்வுக்குப் பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிற ஒரு டீச்சர். புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இடம் பார்த்தாராம், பிடிக்கவில்லை. என் கடைக்கு வந்து கட்டடக்காரரின் போன் நம்பர் கேட்டார். "ஏன் மேடம் இந்தத் தெரு?" என்றேன். "என் ஸ்டூடண்ட்ஸ்தான் சொன்னாங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கிளாஸ். அவங்களுக்கு இங்கதான் வசதின்னாங்க," என்றார். அந்த வகுப்பு வந்ததும் தெருவில் இரண்டு ஷட்டர்கள் திறந்தன. ஒன்று புத்தகக் கடை, ஒன்று சாப்பாட்டுக் கடை. கீழ்த்தளத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் ஒன்று வந்தது. மீதி மூன்று ஷட்டர்கள் இன்னும் மூடித்தான் கிடக்கின்றன. வளையல் கடைக்காரர்கள் திரும்பவில்லை. பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பழையபடி ஆக வேண்டும் என்றும் இப்போது தோன்றுவதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் கட்டடக்காரர் தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவர், அங்கிருந்து எங்கள் தெருவுக்கு அழைத்துவந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா மெல்லப் பின்பக்கம் போனார். நான் கூடப் போனேன். வெளியே வந்து, "பினாயில் வாசனை தூக்குது," என்று சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு என் அம்மாவும் கடையில் இருந்தாள். முழங்காலுக்கு மாத்திரை வாங்க வந்தவள். அந்தம்மாவைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"இன்னாத்துக்கு நிக்கற? வா, இப்படி வந்து உக்காரு," என்றார் அந்தம்மா.

"இருக்கட்டும்மா."

"உனக்கும் முட்டி போச்சு, எனக்கும் இடுப்பு போச்சு. நின்னுக்கினு பேச யாரால முடியும்? வா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜெராக்ஸ் மெஷினில் தாள் வைப்பது போலத் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தம்மா அம்மாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா தன் மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேரும் அதைக் கண்ணுக்கு அருகிலும் தூரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேராலும் படிக்க முடியவில்லை. "ஏய், இங்க வா, இதப் படி," என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள். அதற்குள் அவள் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அந்தம்மாவுக்குக் கை ரொம்பச் சில்லுன்னு இருக்குது."

போன வாரம் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ரேஷன் கடைக்குப் போய்விட்டு கடைக்கு வர எனக்குத் தாமதமாகிவிட்டது. தெருவுக்குள் நுழைந்தால் என் கடை வாசலில் யாரோ இரண்டு பைக்கை நிறுத்தியிருந்தார்கள். லேப் வாசலில் இடமில்லை. மாடிப் படி ஓரத்தில் பயிற்சி வகுப்புப் பெண்களின் சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும். பாத்திரக்கடை முன்னால் ஒரு குடும்பம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று சீர்வரிசைப் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன், திரும்பி வந்தேன். ஓர் இடம் இல்லை.

"யாருதுங்க இந்த பைக்கு? ஜல்தியா எடுங்க, நான் கடை திறக்கணும்!" என்று கத்தினேன். நனைந்த கோபத்தில் குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

டீக்கடைக் கூட்டத்திலிருந்து ஒரு தம்பி வாயில் போண்டாவோடு ஓடிவந்து வண்டியை நகர்த்தினான். அடுப்புக்குப் பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, வண்டி நிறுத்த இடமில்லன்னு நம்ம தெருவுல நின்னுக்கினு கத்தறியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே மெஷினைப் போடுவதற்கு முன்பே மூன்று பேர் ஆதார் அட்டையோடு வாசலில் நின்றார்கள். "ஒரு நிமிஷம் இருங்க, இதோ ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டினேன்.